அஞ்சலட்டையில் எரியும் ஊர்

2019இல் வந்த ‘வாட்ச்மென்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் மறந்திருக்காது. ஒரு திரையரங்கில் ஊமைப்படம் ஓடுகிறது. அம்மா பியானோ வாசிக்கிறாள், பையன் மட்டும் உட்கார்ந்து பார்க்கிறான். வெளியே வந்தால் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. சூப்பர் ஹீரோ கதைக்காக யாரோ கற்பனை செய்தது என்றுதான் நினைத்தேன். “வானத்துல விமானமெல்லாம் வருதே, கொஞ்சம் ஓவரா இல்ல?” என்று நண்பனிடம் சொல்லவும் செய்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது ஊர் நிஜம், திரையரங்கு நிஜம், விமானங்களைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சிகளும் நிஜம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது துல்சா. 1921 மே 30 அன்று அங்கே ஷூ பாலிஷ் போடும் கறுப்பின இளைஞர் டிக் ரோலண்ட் ஒரு லிஃப்டில் ஏறினார். லிஃப்டை இயக்கியவர் சாரா பேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண். உள்ளே என்ன நடந்தது என்பது இன்றுவரை தெளிவில்லை. சில மாதங்களில் வழக்கே தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் மறுநாளே ரோலண்ட் கைதாக, ‘துல்சா ட்ரிப்யூன்’ மாலைப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. அன்றிரவு நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் கும்பல் கூடியது. அவரைக் காப்பாற்ற ஆயுதங்களோடு கறுப்பின ஆண்கள் சிலர் வந்தார்கள், அவர்களில் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. ஜூன் 1 மதியத்துக்குள் கறுப்பின மக்களின் செழிப்பான கிரீன்வுட் பகுதியில் 35 தெருக்கட்டங்கள் சாம்பலாகிவிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டல், ட்ரீம்லேண்ட் திரையரங்கு எல்லாம் போயின. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெயரோடு உறுதியானவர்கள் அதில் சிறு பங்குதான்.

(மே 31 இரவு என்றதும் தமிழ் வாசகருக்கு 1981 நினைவுக்கு வரும், யாழ் நூலகம் எரிந்த இரவு. தேதி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுதான் மேலே படித்தேன்.)

துல்சா பல்கலைக்கழகத்தின் மெக்ஃபார்லின் நூலகம் இந்த நிகழ்வின் படங்களையும் ஆவணங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பார்த்தேன். புகை, இடிந்த சுவர்கள், கைகளைத் தூக்கியபடி நடத்திச் செல்லப்படும் ஆண்கள். பத்துப் பன்னிரண்டு படங்கள் தாண்டிய பிறகுதான் உறைத்தது: யாருய்யா இதையெல்லாம் எடுத்தது? வீடு எரிந்துகொண்டிருப்பவன் கையில் கேமரா இருந்திருக்காதே.

இவற்றில் பலவும் அஞ்சலட்டைகள். எரித்த தரப்பில் நின்றவர்கள் எடுத்து, அச்சிட்டு, விற்றவை. தெருவெல்லாம் புகை சூழ்ந்த ஒரு படத்தின் மேலேயே கையால் எழுதியிருக்கிறது: ‘நீக்ரோவைத் துல்சாவை விட்டு விரட்டுதல், ஜூன் 1, 1921’. ‘ரன்னிங்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அந்த எழுத்துப் பிழைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. எழுதியவனுக்கு அவசரம். குற்றத்தை மறைக்கும் அவசரம் இல்லை, சரக்கு சூடாக இருக்கும்போதே விற்றுவிடும் அவசரம்.

அன்று பெருமைக்காக எடுத்த படம் இன்று சாட்சி. எடுத்தவனே தன் கையெழுத்தில் ஒப்புதல் வாக்குமூலம் தந்திருக்கிறான். ஆனால் பார்க்கும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவன் நின்ற இடத்தில்தான் நாமும் நிற்கிறோம். எரிபவர்களின் முகம் தெரியாத தூரத்தில்.

படங்கள் பிழைத்தன, எழுத்து பிழைக்கவில்லை. 1946இல் இதே பல்கலைக்கழகத்தில் லோரன் கில் என்ற மாணவர் இந்த நிகழ்வைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினார். மே 31ஆம் தேதி ட்ரிப்யூனைத் தேடினால், முதல் பக்கச் செய்தியையும் தலையங்கப் பக்கத்தின் ஒரு பகுதியையும் யாரோ கிழித்திருந்தார்கள். மைக்ரோஃபிலிமிலும் அந்த ஓட்டை அப்படியே பதிவாகியிருக்கிறது. முதல் பக்கச் செய்தி வேறு பிரதியில் கிடைத்துவிட்டது. தலையங்கப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றும் விவாதம் ஓடுகிறது. அஞ்சலட்டையை ஆல்பத்தில் வைத்துக்கொண்ட ஊர், பத்திரிகைத் துண்டை மட்டும் கிழித்துப் போட்டிருக்கிறது.

அடுத்தது பெயர். எண்பது தொண்ணூறு வருடங்களாக இதன் பெயர் ‘துல்சா இனக் கலவரம்’. வெறும் சொல்தானே என்று விட முடியாது, அதற்குப் பண மதிப்பு இருந்தது. கலவரத்தால் வந்த நஷ்டத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. கிரீன்வுட்டில் திரையரங்கும் ஹோட்டலும் வைத்திருந்த வில்லியம் ரெட்ஃபெர்ன் வழக்குப் போட்டார். அவர் வெள்ளையர். 1926இல் மாநில உச்ச நீதிமன்றம் அது கலவரமே என்று தீர்ப்பளித்தது. அவருக்கே காசு வரவில்லை என்றால் மற்றவர்கள் கதையைச் சொல்லவா வேண்டும்?

2021 மார்ச்சில், நூற்றாண்டுக்குச் சில வாரங்கள் முன்னால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பொருள் தலைப்பை ‘துல்சா இனப் படுகொலை’ என்று மாற்றியது. உலகின் பல நூலகப் பட்டியல்கள் பின்பற்றும் தலைப்பு அது. தமிழில் இதை எழுதும்போது எனக்கும் அதே தேர்வுதான். ‘கலவரம்’ என்று எழுதினால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது போலாகிவிடும். சாதிக் கலவரம், இனக் கலவரம் என்று செய்தித்தாள் படித்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லின் வசதி தெரியும். யார் யாரை என்று சொல்லாமலே செய்தியை முடித்துவிடலாம்.

அப்போ பழைய சொல்லை அழித்துவிட வேண்டியதுதானே? அவ்வளவு சுலபமில்லை. தப்பிப் பிழைத்த வழக்கறிஞர் பி. சி. ஃபிராங்க்ளின் 1931இல் பத்துப் பக்கம் தட்டச்சு செய்து வைத்த நேரடிச் சாட்சியம் 2015இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. விமானங்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அதன் தலைப்பிலும் இருப்பது ‘கலவரம்’ என்ற சொல்தான்.

இன்னொன்று. ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் அடையாளமில்லாத புதைகுழிகளை 2020 முதல் தோண்டிவருகிறார்கள். 2024இல் அங்கே கிடைத்த உடல் ஒன்று சி. எல். டேனியல் என்ற முன்னாள் ராணுவ வீரருடையது என்று டிஎன்ஏ மூலம் தெரிந்தது. அந்தத் தேடலில் முதன்முதலாக அடையாளம் தெரிந்தவர் அவர்தான். அதற்குத் துணை நின்றது ஒரு கடிதம். 1936இல் அவருடைய தாய்க்காக ஒரு வழக்கறிஞர் அரசுக்கு எழுதியது, தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. மகன் துல்சா இனக் கலவரத்தில் கொல்லப்பட்டான் என்கிறது அது. அந்தத் தாய்க்கு அன்று கிடைத்த சொல் அதுதான். அந்தச் சொல்லைத் தேட மறந்தால் அவர் மகனையும் தவறவிட்டுவிடுவோம். பட்டியலின் தலைப்பு மாறட்டும், பழைய சொல்லில் தேடி வருபவருக்கும் கதவு திறந்தே இருக்கட்டும்.

அஞ்சலட்டைகளைப் பார்த்து முடித்த பிறகு நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொரு தொகுப்பிலுள்ள படத்தை. 1921 ஜூன் 6, ஊர் எரிந்து ஐந்து நாள். ஒரு கூடாரத்துக்குள் மூன்று பேர்: ஃபிராங்க்ளின், அவருடைய கூட்டாளி ஸ்பியர்ஸ், செயலர் எஃபி தாம்சன். அலுவலகம் எரிந்துவிட்டதால் கூடாரமே அலுவலகம். மறுநாள், தீப்பிடிக்காத பொருட்களால் மட்டுமே கட்டலாம் என்று நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. எல்லாம் இழந்தவர்களால் முடியாத காரியம், நிலம் கைமாறிவிடும் என்பதுதான் கணக்கு. அந்தச் சட்டத்தை எதிர்த்து இவர்கள் வழக்காடி ஜெயித்தார்கள். கிரீன்வுட்டை மறுபடியும் கட்டினார்கள்.

இந்தப் படத்தில் முகங்கள் தெரிகின்றன.