பனியூர்தி பேட்டரியும் கோடைகாலப் பராமரிப்பும்: ஒரு வரலாறு

பனியூர்தி என்பது முன்புறம் சறுக்குக் கட்டைகளும் அடியில் சுழலும் பட்டையும் கொண்டு பனியின் மேல் ஓடும் எந்திர ஊர்தி. ஸ்னோமொபைல் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் மினசோட்டா, பின்லாந்தின் லாப்லாந்து போன்ற பகுதிகளில் இது மிகுதியாகப் பயன்படுகிறது. பனிக்காலம் முடிந்ததும், பல மாதங்கள் கொட்டகையில் நிறுத்தி வைக்கப்படுகிறது.

அந்த ஓய்வுக்காலத்தில் வேகமாகக் கெடக்கூடிய பாகம் பேட்டரி. குளிர்தான் பேட்டரியைக் கெடுக்கிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் கோடையில் கவனிக்காமல் விட்டதால் நேரும் சேதமே பல நேரங்களில் முதல் பனி விழும் நாளில் தெரியவருகிறது. இதற்கான காரணம் 1882-லேயே ஆராயப்பட்டுவிட்டது. அதற்கான தீர்வுகள் மெல்ல மெல்லவே வந்தன.

பனியூர்தியின் தோற்றம்

பனியூர்தி வரலாற்றில் முதன்மையான பெயர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே (1907–1964). கியூபெக்கின் வால்கூர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். தம் 15 வயதிலேயே, 1922-இல், பழைய மோட்டார் எஞ்சினையும் விசிறியையும் சறுக்கு வண்டியில் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். 1934-இல் அவருடைய சிறு மகன் நோயுற்றபோது சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பனிமேல் தடையின்றி ஓடும் வண்டியை உருவாக்கும் அவரது முயற்சி அதன்பின் தீவிரமடைந்தது.

1937-இல் பல்சக்கரமும் பட்டையும் கொண்ட இயக்க அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரும் பி-7, பன்னிரண்டு பேர் அமரும் பி-12 ஆகிய வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. மருத்துவர்களும் அஞ்சல் துறையினரும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில் பயணம் செய்தனர். இவை கார் எஞ்சின் பொருத்திய பெரிய வண்டிகள்.

தனியாள் ஓட்டும் சிறிய பனியூர்தி பின்னர் வந்தது. மினசோட்டாவின் ரோசோ நகரில் போலாரிஸ் நிறுவனத்தார் 1950களின் நடுவில் ஒரு வண்டியை உருவாக்கினர். 1959-இல் பொம்பார்டியேயின் ஸ்கி-டூ விற்பனைக்கு வந்தது.

இழுகயிறும் பேட்டரியும்

தொடக்ககாலச் சிறிய பனியூர்திகளில், கயிற்றைக் கையால் இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். சிறிய எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. கோடை முழுதும் கிடந்தாலும் கயிறு வலுவிழப்பதில்லை.

1960களின் பிற்பகுதியில் சில மாதிரிகளில் மின்தொடக்க வசதி சேர்க்கப்பட்டது. அதனுடன் பேட்டரியும் வந்தது. இழுகயிறும் உடன் இருந்ததால் பேட்டரி இறங்கிப்போனாலும் பெரிய சிக்கல் எழவில்லை. பின்னர் எஞ்சின்கள் பெருத்தன. 2003 மாதிரியாக யமஹா வெளியிட்ட ஆர்எக்ஸ்-1 போன்ற நான்கு வீச்சு எஞ்சின் வண்டிகள் பரவியபோது நிலைமை மாறியது. அத்தகைய எஞ்சினைக் கையால் இழுத்துக் கிளப்புவது எளிதன்று. அதனால் பேட்டரி இன்றியமையாததாயிற்று. ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், உறைந்த ஏரியின் நடுவே நிறுத்திய வண்டி மீண்டும் கிளம்பாவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

சும்மா இருக்கும் பேட்டரிக்குள் நடப்பது

ஈய அமில பேட்டரியைப் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்தார். இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று தொடாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தது அவருடைய அமைப்பு. 1881-இல் கமீல் ஃபோர் தகடுகளின்மேல் ஈயச் சேர்மப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதனால் பேட்டரியின் கொள்ளளவு பெருகியது.

1882-இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற பிரித்தானிய வேதியியலாளர்கள் இந்த பேட்டரிகளின் வேதியியலை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினர். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பொருளே 'உள்ளிட வினை' என்பதாகும். வெளியே எந்தக் கம்பியும் இணைக்கப்படாதபோதும் தகட்டிலுள்ள ஈயமும் ஈய டை ஆக்சைடும் அமிலத்தின் வழியாகத் தமக்குள் வினைபுரிகின்றன. அதனால் ஈய சல்பேட்டு உருவாகிறது. அதாவது, பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பேட்டரியும் தானாகவே இறங்குகிறது. இதைத் தன்மின்னிறக்கம் என்கிறோம்.

வெப்பம் கூடினால் இந்த வினை விரைவுபடும். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இறங்கும் வேகம் இரு மடங்காகும். ஆகவே முழு மின்னேற்றம் உள்ள பேட்டரிக்குக் குளிர்ந்த இடம் நல்லது. வெயிலில் காயும் தகரக் கொட்டகை கெடுதல்.

சல்பேட்டும் உறைதலும்

இறங்கிய பேட்டரியைப் பல வாரங்கள் அப்படியே விட்டால் ஈய சல்பேட்டின் நுண்ணிய துகள்கள் பெரிய படிகங்களாக வளர்கின்றன. இப்படிகங்கள் மின்னேற்றத்தின்போது எளிதில் கரைவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகிறது.

இரண்டாவது தீங்கு உறைதல். முழு மின்னேற்றம் உள்ள பேட்டரியின் அமிலம் அடர்த்தியானது. மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. மின்னிறங்கும்போது அமிலத்தின் ஒரு பகுதி சல்பேட்டாகத் தகடுகளில் தங்கிவிடுகிறது. மிஞ்சும் நீர்த்த கரைசல் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறையக்கூடும். உறைந்தால் உறை வெடிக்கும், தகடுகள் வளையும். கோடையில் இறங்கிய பேட்டரி இவ்வாறு குளிர்காலத்தில் உடைகிறது.

தகட்டு உலோகத்தில் நேர்ந்த மாற்றம்

தூய ஈயம் மென்மையானது. அதை உறுதியாக்க ஆண்டிமனி கலந்தார்கள். ஆனால் ஆண்டிமனி தன்மின்னிறக்கத்தைக் கூட்டியது. நீரும் விரைவில் குறைந்தது. 1935-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹாரிங், தாமஸ் ஆகியோர் ஈயத்துடன் சிறிதளவு கால்சியம் கலந்த கலவையை முன்வைத்தனர். தொலைபேசி நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பேட்டரிகளுக்காக அது உருவாக்கப்பட்டது. 1970களில் அக்கலவை கார் பேட்டரிகளுக்கும் பரவியது.

அதே காலத்தில் கண்ணாடியிழைப் பஞ்சில் அமிலத்தை உறிஞ்சி வைக்கும் மூடிய வகை பேட்டரியும் வந்தது. இது ஏஜிஎம் எனப்படுகிறது. கவிழ்ந்தாலும் சிந்தாது, அதிர்வைத் தாங்கும், மெதுவாகவே இறங்கும். இன்றைய பனியூர்திகள் பலவற்றில் இவ்வகையே உள்ளது.

எனினும் வேறொரு கசிவு புதிதாகச் சேர்ந்தது. இக்கால வண்டிகளில் கடிகாரமும் மின்னணுக் கட்டுப்பாட்டகமும் வண்டி நின்றபின்னும் சிறிதளவு மின்சாரம் எடுக்கக்கூடும். 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 3.6 ஆம்பியர் மணி செலவாகும். 18 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி, தன்மின்னிறக்கத்தைச் சேர்க்காமலே ஐந்து மாதங்களில் தீர்ந்துவிடும்.

பராமரிப்பு முறை

மேற்கண்ட காரணங்களிலிருந்தே இன்றைய வழக்கம் உருவாகியுள்ளது.

பனிக்காலம் முடிந்ததும் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். முதலில் எதிர்முனையையும் பிறகு நேர்முனையையும் கழற்றுவது வழக்கம். மாற்றிச் செய்தால் கருவி வண்டியின் உலோகத்தில் பட்டுத் தீப்பொறி எழலாம். முனைகளில் படிந்த உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து உலர்த்த வேண்டும். மூடியைத் திறக்கக்கூடிய பழைய வகையானால் காய்ச்சி வடித்த நீரை உரிய அளவுக்கு நிரப்ப வேண்டும்.

பின்னர் முழுமையாக மின்னேற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மின்னழுத்தம் பார்ப்பது நல்லது. ஓய்வில் 12.6 வோல்ட்டு அல்லது அதற்குமேல் இருந்தால் நிறைவு, 12.4-க்குக் குறைந்தால் மீண்டும் மின்னேற்ற வேண்டும்.

முன்பு இருந்த எளிய மின்னேற்றிகளைத் தொடர்ந்து இணைத்து வைத்தால் அளவுக்கு மீறி மின்னேறி நீர் வற்றும். இக்காலத் தானியங்கி மின்னேற்றிகள் பேட்டரி நிறைந்ததும் அழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்வதால் கோடை முழுதும் இணைத்தே வைக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு பேட்டரி மிக மெதுவாகவே இறங்கும். ஆனால் அதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. ஈரம் ஏறும் மரப்பெட்டிகளில் பேட்டரி வந்த காலத்தின் எச்சம் அது. இன்றைய பிளாஸ்டிக் உறைக்கு அது பொருந்தாது.

மீண்டும் கயிறு

அண்மைக் காலத்தில் ஸ்கி-டூவின் சில இருவீச்சு எஞ்சின் மாதிரிகளில் பேட்டரிக்குப் பதிலாக மீமின்தேக்கி பொருத்தப்படுகிறது. முதல் தொடக்கத்தைக் கயிற்றால் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது மின்தேக்கி நிறைந்து, அடுத்த தொடக்கங்களைப் பொத்தானால் செய்ய உதவுகிறது. கோடையில் பராமரிக்க அதில் பேட்டரி இல்லை. மற்ற வண்டிகளில், கிளாட்ஸ்டனும் டிரைப்பும் ஆராய்ந்த அதே வினை இன்றும் ஒவ்வொரு கோடையிலும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்த இயலாது. மெதுவாக்கவும், இழந்ததை உரிய நேரத்தில் ஈடுசெய்யவுமே இயலும்.