போன தேதி என்னாச்சு?

மருத்துவ வாக்குறுதிகள் மீறப்படுகின்றன என்பது பழைய புகார். மீறப்பட்ட வாக்குறுதி எப்படிப் புது வாக்குறுதியாக மறுபடி புழக்கத்துக்கு வருகிறது என்பதைத்தான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஜோசப் போர் தலைமையிலான குழு 1946 இல் சொன்னது எளிமையானது: காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது. அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் 1 இல் நிர்வாகம் கைமாறியபோது, கோட்டுச்சேரிமேட்டு மீனவரும் இந்த வாக்குக்கு உரியவரானார்.

1983 இன் தேசிய நலக்கொள்கை '2000க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு' என்றது. 2000 வந்து போனது. 2002 இன் கொள்கை, 2010க்குள் அரசின் மருத்துவச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் என்றது. 2017 இன் கொள்கை, 2025க்குள் 2.5 சதவீதம் என்றது. 2025 வந்தது, இலக்கு வரவில்லை. ஆளைப் பற்றிய பேச்சு ஆண்டாகி, ஆண்டு சதவீதமாகிவிட்டது. 2018 இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்கிறது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் அது செல்லும். மாசாமாசம் வாங்குகிற சர்க்கரை மாத்திரை கணக்கில் வராது.

சரி, யாரைக் கேக்குறது? ரயிலிலிருந்து விழுந்த கூலித் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய வங்காள வழக்கில், நிதியில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் தந்தது. அதே நீதிமன்றம் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் (2013) தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் முறைகேடான தேர்தல் நடவடிக்கையாகாது என்றது. மறுக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு, வாக்குக் கொடுத்தவருக்குத் தண்டனை கிடையாது.

அப்படியானால் மிச்சமிருப்பது ஊர்தான். தேசிய மனித உரிமை ஆணையமும் மக்கள் நல்வாழ்வு இயக்கமும் 2004 இல் நடத்திய பொது விசாரணைகளில், வைத்தியம் மறுக்கப்பட்டவர்களே அதிகாரிகள் முன் நின்று பேசினார்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலோ 1968க்குப் பின் 38 வருஷம் கழித்து, 2006 இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011 இல் முடிந்தது. 2021 இல் அறிவித்த தேர்தலும் நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் அதிகாரி இருக்கிறார். ஊர் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. மாத்திரை தீர்ந்தது ஏன் என்று கேட்கும் இடமே அடைபட்டிருக்கிறது.

அடுத்த தேர்தலில் இன்னொரு தேதி வரும். கைதட்டுமுன் 'போன தேதி என்னாச்சு?' என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரு மேடை வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைக் கேட்பதும் வைத்தியத்தைக் கேட்பதும் ஒரே கோரிக்கைதான்.