உப்பைத் தேடும் இறால்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் நண்பர் யாரேனும் உங்களுக்கு இருப்பின், அத்தொட்டியின் அடியில் பாசியை ஓயாமல் கொறித்துக்கொண்டிருக்கும் சிறிய நன்னீர் இறால்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ‘அமானோ இறால்’ எனப்படுவது ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளரும். உடலின் பக்கங்களில் செம்பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இறாலோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதன் வரலாறு நெடுகிலும் உப்பு வருகிறது. உப்பு வரும் இடத்தில் பௌதிகமும் வந்துவிடுகிறது.

1853 முதல் 1856 வரை வட பசிபிக் கடலை ஆராய்ந்த அமெரிக்கக் கப்பற் பயணத்தில் வில்லியம் ஸ்டிம்ப்சன் என்னும் இயற்கையாளர் சென்றிருந்தார். டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போனின் தீவுகளில் கிடைத்த ஓர் இறாலை 1860இல் அவர் ‘காரிடினா மல்ட்டிடென்டாட்டா’ எனப் பெயரிட்டு விவரித்தார். 1871ஆம் ஆண்டின் சிகாகோ பெருந்தீயில் அவரது சேகரிப்பில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. மறு ஆண்டே அவரும் காலமானார். 1892இல் டி மான் என்ற டச்சு விலங்கியலார் ஜப்பானிய இறால் ஒன்றுக்குக் ‘காரிடினா ஜப்பானிக்கா’ எனப் பெயர் சூட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க மூல மாதிரி இல்லை. இரண்டும் ஒன்றே என ஆய்வாளர்கள் நிறுவியது 2006இல்தான்!

இங்கு ஒரு கேள்வி எழுகிறதன்றோ? நன்னீரில் வாழும் இறால், நடுக்கடல் தீவிலும் ஜப்பானிய ஆறுகளிலும் எவ்வாறு ஒரே இனமாக இருக்க முடியும்?

விடையின் திறவுகோல் வேறோர் இறாலிடம் கிடைத்தது. அதே டி மான் 1879இல் பெயரிட்ட பெரிய நன்னீர் இறாலைக் குளத்தில் வளர்க்க விரும்பியோர், அதன் குஞ்சுகளைப் பிழைக்க வைக்க முடியாமல் திண்டாடினர். முட்டை பொரியும், நுண்ணிய லார்வாக்கள் நீந்தும், சில நாட்களில் அத்தனையும் மடியும். மலேசியாவின் பினாங்கில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணராகப் பணியாற்றிய ஷாவ்-வென் லிங் இச்சிக்கலோடு போராடினார். எதைப் போட்டும் பயனின்றி, உணவு மேசையிலிருந்த சோயா சாற்றை அவர் ஊற்றிப் பார்த்ததாகவும், அந்த நீரில் மட்டும் லார்வாக்கள் பிழைத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1961இல் அவர் கண்ட உண்மை இதுதான்: லார்வாக்களுக்கு உவர்நீர் வேண்டும். 1965இல் ஹவாயித் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட 36 இறால்களிலிருந்து ஃபுஜிமுரா என்பவர் தொடங்கிய பணி, சில ஆண்டுகளில் பெருமளவு குஞ்சு உற்பத்தியாக வளர்ந்தது.

போனின் தீவு இறாலும் இவ்வகையே. தாய் ஆற்றில் வாழும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்முட்டைகளை வயிற்றடியில் சுமக்கும். பொரிந்த லார்வாக்களை ஆற்றோட்டம் கடலுக்கு அடித்துச் செல்லும். வளர்ந்த குஞ்சுகள் மீண்டும் ஏதோ ஓர் ஆற்று வாயில் ஏறும். தீவுகளுக்கிடையே ஓடும் கடல் இவற்றுக்குத் தடையன்று, பாதையே எனலாம். ஹயாஷி, ஹமானோ ஆகிய ஜப்பானியர் இருவர் இதன் லார்வாப் பருவங்கள் முழுவதையும் ஆய்வகத்தில் வளர்த்து 1984இல் விவரித்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் இவ்விறால் புகழ் பெற்றது. நிழற்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015), நீர்த்தாவரத் தொட்டிகளில் பாசியை ஒழிக்க இதனைப் பயன்படுத்தினார். அவர் பெயரே இறாலுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் வீட்டுத் தொட்டியில் இதன் குஞ்சுகளைக் காண்பது அரிது. நீர் வடிகட்டி உறிஞ்சிவிட்டதாக நானும் முதலில் எண்ணினேன். உப்பில்லாமையே காரணம். குஞ்சுகளைக் காண விரும்பினால் சிவப்புச் செர்ரி இறாலை வளர்த்துப் பாருங்கள். அது இடும் முட்டைகள் சில பத்துகளே, ஆனால் பெரியவை. பொரிந்து வருவது நன்னீரிலேயே வாழும் குட்டி இறால்.

இனி உப்பின் மறுமுகம். இறாலின் கொம்புக்கருகில் வெள்ளை மயிரிழைகள் போல் சில நெளிவதைக் கண்டால், அவை ‘ஸ்குட்டாரியெல்லா’ என்னும் தட்டைப் புழுக்களாக இருக்கலாம். ஐரோப்பாவின் ஸ்குட்டாரி ஏரியிலிருந்து வந்த பெயர் இது. இவற்றுக்கு வளர்ப்போர் கையாளும் முறை உப்புக் குளியல். கால் லிட்டர் தொட்டி நீரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், அயோடின் சேராத உப்பு. லிட்டருக்கு 60 கிராம் ஆயிற்று; கடல்நீரில் 35 கிராம்தான். இதில் இறாலை அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் மட்டும் வைத்து எடுக்க வேண்டும். சவ்வூடு பரவலால் நீர் உடலிலிருந்து வெளியே இழுக்கப்படுகிறது. மெல்லிய தோலுடைய சிறு புழுவுக்குக் கனஅளவை நோக்கப் பரப்பு மிக அதிகம். ஆகவே அது விரைவில் வற்றிச் சாகிறது. ஓடு போர்த்த இறாலுக்கு அதே நேரத்தில் இழப்பு குறைவு. செவுள்களுக்கு ஓடில்லை, கடிகாரத்தைப் பாராமல் இதைச் செய்யாதீர்கள்.

வயிற்றடியில் பச்சை நூல்கள் வளர்வது வேறு நோய். முட்டைகள் என்றே பலர் ஏமாறுவர். உள்ளே வேரோடிய ஒட்டுண்ணிக்கு வெளியே நனைக்கும் உப்பு பெரும்பாலும் பயன்படாது; அந்த இறாலைப் பிரித்து வைப்பதே வழி. கடைகளில் விற்கும் செப்பு கலந்த மீன் மருந்தை மட்டும் தொடவே வேண்டாம். இறாலின் குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்புள்ள ஹீமோசயனின்தானே, சிறிது செம்பு என்ன செய்துவிடும் என்று நான் தர்க்கம் பேசினேன். புரதத்தில் பிணைந்த செம்பு வேறு, நீரில் கரைந்த செம்பு அயனி வேறு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்காக ஒரு மாலை நான் அம்மருந்தை ஊற்றினேன். மறுநாள் காலை பதினோர் இறால்களும் பக்கவாட்டில் கிடந்தன.

உப்புக் குளியலுக்குப் பின்னும் செவுளறையில் புழுவின் முட்டைகள் தங்கியிருக்கும். இறால் தோலுரிக்கும்போது அவை பழைய ஓட்டோடு கழிந்துவிடும். அங்கேயே பொரித்து, மீண்டும் வேறோர் இறாலின் மேல் ஏறும். எனவே உரிந்த ஓட்டை உடனே எடுத்துவிட்டு, ஓரிரு வாரம் கழித்து இறாலின் கொம்பருகே மறுபடியும் உற்றுப் பாருங்கள்.