காஃபிர்: விதை மூடியவர் முதல் கபர் மறுக்கப்பட்டவர் வரை

சங்ககிரிக் கோட்டை மலையில் வரதராஜப் பெருமாள் கோயிலும் உண்டு, தஸ்தகீர் தர்காவும் உண்டு. பாரசீகத்தில் ‘தஸ்த்’ என்றால் கை. ‘கீர்’ என்றால் பிடிப்பவர். விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்குபவர் என்னும் இந்தப் பட்டம், 1166இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானிக்கு உரியது. தமிழ் முஸ்லிம்கள் அவரை முஹ்யித்தீன் ஆண்டவர் என்பார்கள்.

தஸ்தகீர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு வழக்கு இருக்கிறது. அல்லாஹ்வை அன்றி இன்னொருவரிடம் கைதூக்கிவிடச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம் என்போரும் கூடாது என்போரும் காட்டுவது ஒரே வசனம்தான்: குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், 35ஆம் வசனம். இறைவனை நெருங்க ‘வஸீலா’வை, அதாவது நெருங்கும் வழியை, தேடச் சொல்கிறது அது. வலிமார்களும் (இறைநேசர்களும்) அந்த வஸீலாவில் அடக்கம் என்பது சுன்னத் ஜமாஅத் ஆலிம்கள் தரும் விளக்கம். நல்லமல்கள் மட்டுமே வஸீலா, இறந்தவரிடம் கேட்பது ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைத்தல் என்பது தவ்ஹீத் தரப்பு. இந்த விவாதம் 1980களுக்குப் பிறகு தமிழ்நாட்டின் மஹல்லாக்களில் சூடுபிடித்தது. செயலை ஷிர்க் என்பதோடு அது நிற்கவில்லை; செய்தவரை முஷ்ரிக், இணைவைப்பவர் என்றது. அடுத்து, முஷ்ரிக்கான இமாமுக்குப் பின்னால் நின்று தொழுதால் தொழுகை கூடுமா என்று கேட்டது. 2004இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் கூடாது என்றது. சூனியம் பலிக்கும் என்று நம்புபவரையும் பின்னாளில் அந்தக் கணக்கில் சேர்த்தது. ஒரே ஊரில் இரண்டு ஜும்ஆ, இரண்டு பெருநாள் என்று குடும்பங்கள் பிரிந்தன.

முஷ்ரிக் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் பெரிய சொல், காஃபிர்.

அரபியில் ‘க-ஃப-ர’ என்ற வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். விதையைப் போட்டு மண்ணால் மூடுகிற உழவரும் அந்த மொழியில் காஃபிர்தான். குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில், மழை கண்டு முளைத்த பயிரைப் பார்த்து மகிழும் ‘குஃப்ஃபார்’ வருகிறார்கள். உரையாசிரியர்கள் பலர் அவர்களை உழவர்கள் என்றே கொள்கிறார்கள். ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை விதைக்கும் சங்ககிரிக் குடியானவருக்கும் இந்தப் பழம்பொருள் பொருந்தும். பெற்ற நன்மையை மூடி மறைப்பது நன்றிகேடு. அறிந்த உண்மையை மூடி மறைப்பது இறைமறுப்பு. பாவத்தை மூடும் பரிகாரத்துக்கு ‘கஃப்பாரா’ என்று பெயர். வேண்டுமென்றே நோன்பை முறித்தவர் கஃப்பாரா கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பாட்டிக்கு, அது காஃபிரின் உடன்பிறந்த சொல் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு இந்தச் சொல் இரண்டு வழியாக வந்தது. ஒன்று மார்க்க வழி. 17ஆம் நூற்றாண்டின் உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் ‘காபிர்’, ‘குபிர்’ என்று தமிழ் ஓசைக்கு இழைத்துப் பயன்படுத்தினார். அங்கே காபிர் என்பவர் நபியை எதிர்த்து நின்ற மக்கத்துக் குறைஷியர். பக்கத்து வீட்டுக்காரர் அல்லர். மற்றது கடல் வழி. ஆப்பிரிக்கக் கரையில் முஸ்லிம் அல்லாதாரை அரபு வணிகர்கள் காஃபிர் என்றார்கள். அதைப் போர்த்துக்கீசியர் ‘காஃப்ரே’ ஆக்கி ஆப்பிரிக்கர் அனைவர் மேலும் ஒட்டினார்கள். தமிழில் அது ‘காப்பிரி’ ஆயிற்று. இலங்கையின் புத்தளம் அருகே சிரம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். பெயரில் மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒட்டிய வசவு மட்டும் மிச்சம்.

குர்ஆனைத் தமிழாக்கியவர்கள் ‘நிராகரிப்பவர்கள்’, ‘மறுப்போர்’ என்று எழுதினார்கள். நல்ல தமிழ். ஆனால் மேடையில் ஒருவரை ஒதுக்கிவைக்க யாரும் ‘நிராகரிப்பவர்’ என்பதில்லை. அங்கே அரபுச் சொல்தான் வேலை செய்கிறது.

அந்த வேலைக்குப் பெயர் ‘தக்ஃபீர்’: தன்னை முஸ்லிம் என்று சொல்பவரைக் காஃபிர் என்று தீர்ப்பளிப்பது. 657இல் சிஃப்பீன் போர்க்களத்தில் கலீஃபா அலீ, மத்தியஸ்தத்துக்கு இசைந்தார். தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்று முழங்கி ஒரு கூட்டம் பிரிந்து, அவரையே காஃபிர் என்றது. அந்தக் காரிஜியரில் ஒருவன் 661இல் அவரைக் கொன்றான். இந்தக் காயத்தை அறிந்தவர்கள் என்பதால்தான் பிற்கால இமாம்கள் இந்த வாசலுக்குக் கனத்த தாழ்ப்பாள் போட்டார்கள். சகோதரனைக் காஃபிர் என்றழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவரைச் சேரும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். கஸ்ஸாலி இதற்கென்றே ஒரு நூல் எழுதி, வசனத்துக்கு வேறு விளக்கம் சொன்னதற்காக ஒருவரை மார்க்கத்திலிருந்து தள்ள அவசரப்படக் கூடாது என்று வாதிட்டார். ஒரு கூற்று குஃப்ராக இருக்கலாம். அதைச் சொன்னவரைக் காஃபிர் என்று முடிவு கட்டுவது வேறு என்பது ஆலிம்கள் கற்கும் பாடம்.

பாடம் அப்படி. ஊர் வேறு மாதிரி. தக்ஃபீர் தெருவுக்கு வரும்போது அது கொள்கை விவாதமாக இருப்பதில்லை. நிக்காஹ் (திருமணம்), கபர் (புதைகுழி) என்ற இரண்டின் மேல்தான் விழுகிறது.

நிக்காஹில் விழுந்ததற்குச் சான்று 1922இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மலபார் வழக்கு. பெரும்பாலான ஆலிம்கள் இஸ்லாத்துக்குப் புறம்பாகக் கருதும் அஹ்மதியா இயக்கத்தில் கணவர் சேர்ந்துவிட்டார். அவர் முர்தத் (மார்க்கத்தைத் துறந்தவர்), ஆகவே மணம் முறிந்தது என்று கருதி மனைவி மறுமணம் செய்தார். அது குற்றமா என்பது கேள்வி. ஓல்ட்ஃபீல்டு, கிருஷ்ணன் என்ற இரு நீதிபதிகள், அஹ்மதியாவில் சேர்ந்ததால் ஒருவர் இஸ்லாத்தை விட்டவர் ஆகமாட்டார் என்றார்கள். 1970இல் கேரள உயர் நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யரும் அதையே சொன்னார். பாகிஸ்தானில் அஹ்மதிகளுக்கு எதிரான 1953 கலவரங்களை விசாரித்த முனீர் ஆணையம், முஸ்லிம் என்பவர் யார் என்று ஆலிம்களைத் தனித்தனியே கேட்டது. இருவர் விடைகூட ஒத்துப்போகவில்லை என்று 1954 அறிக்கையில் பதிவு செய்தது. அந்த நாடு 1974இல் அரசமைப்பைத் திருத்தியே அஹ்மதிகளை வெளியேற்றியது. இங்கே சட்டம் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் 2009இல் சென்னை இராயப்பேட்டை அடக்கத்தலத்தில் புதைக்கப்பட்ட ஓர் அஹ்மதிப் பெண்ணின் உடல், எதிர்ப்புக் கிளம்பியதும் தோண்டி எடுக்கப்பட்டது.

தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே இதன் முழு வரலாறு இலங்கையின் காத்தான்குடியில் இருக்கிறது. இருப்பதெல்லாம் இறைவனே என்னும் ‘வஹ்ததுல் வுஜூத்’ கருத்தைப் போதித்த அப்துர் ரவூஃப் மௌலவியையும் அவரை ஏற்போரையும் முர்தத்துகள் என்று 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஃபத்வா கொடுத்தது. அதே சிந்தனைப் போக்குடைய அப்துல்லாஹ் பயில்வான் 2006 டிசம்பரில் இறந்தபோது, இந்த மண்ணில் அவரைப் புதைக்கக் கூடாது என்று ஊர் கொந்தளித்தது. அவருடைய உடலும் தோண்டப்பட்டது. 2017 மார்ச்சில் ரவூஃப் மௌலவியின் ஆதரவாளர்களோடு வாளேந்தி மோதிய கும்பலின் தலைவன் ஸஹ்ரான், அதன்பின் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் அவன்தான். சொந்த ஊர் முஸ்லிமை வெளியே தள்ளப் பழகிய கை, பிறகு யாரையும் விட்டுவைக்கவில்லை.

குமரி மாவட்டத்துத் தக்கலையில் இரத்தம் சிந்தவில்லை. ஆனால் அது வலிக்கும் விதம் வேறு. அங்கே அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா ஒரு மெய்ஞ்ஞானி. அவருடைய ஞானப் பாடல்கள் ஆண்டுதோறும் ஊர்கூடிப் பாடப்படுகின்றன. ‘மைலாஞ்சி’ எழுதிய கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை, இஸ்லாமும் குடியும் பற்றிய ஒரு கட்டுரைக்காக 2007இல் அதே ஊர் காஃபிர் என்று விலக்கியது. ஊர்விலக்கு என்றால் குடும்பத்தின் நல்லது கெட்டதில் ஜமாஅத் நிற்காது. பள்ளியின் நிக்காஹ் பதிவேடு திறக்காது. கட்டுரைக்குக் கட்டுரையால் பதில் சொல்ல ஆலிம்கள் இருந்தார்கள், இதழ்களும் இருந்தன. 2017இல் ரசூல் இறந்தார்.