நூறடிக்கு ஒன்றரை அடி

எனக்குத் தெரிந்த மலைச் சைக்கிள் என்றால் எஸ்டேட் பாதைதான். செம்பனைக் காட்டுக்குள் வளைந்து போகும் செம்மண் ரோடு. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி, குலை ஏற்றிய லாரி வந்தால் பள்ளத்தில் இறங்கி நிற்க வேண்டும். மேடு வந்தால் மானம் பார்க்காமல் இறங்கித் தள்ள வேண்டும். அதனால், வேலைப் பயிற்சிக்காக ஒரு மாதம் பிட்ஸ்பர்க் போயிருந்தபோது, அப்பலேச்சியன் மலைக்குள்ளேயே 240 கிலோமீட்டர் சரளைப் பாதை இருக்கிறது, ஒரு கார்கூட வராது, ஏறுவதே காலுக்குத் தெரியாது என்று அங்கு வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஃபோனில் சொன்னபோது அம்மாவும் நம்பவில்லை. "மலைன்னா ஏறித்தானேப்பா ஆகணும்?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் எப்படி ஏறுகிறோம் என்பதை நமக்கு முன்னால் வேறொருவர் முடிவு செய்துவிட்டார். அந்தப் பாதை சைக்கிளுக்காகப் போடப்பட்டதல்ல, ரயிலுக்காகப் போடப்பட்டது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது உராய்வு ரொம்பக் குறைவு. அதனால்தான் ஓர் இன்ஜின் நூறு பெட்டிகளை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அது மேடு ஏறத் திணறுகிறது, சக்கரம் வழுக்கும். கார் ரோட்டில் நூறடிக்கு எட்டடி, பத்தடி ஏற்றம் வைத்தாலும் வண்டி போய்விடும். ரயிலுக்கு இரண்டடி என்றாலே பெரும்பாடு. ஆகவே ரயில் பொறியாளர்கள் மலையோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஆறு எங்கே வளைந்து இறங்குகிறதோ அங்கேயே தாங்களும் வளைவார்கள், முடியாத இடத்தில் பாலம் கட்டுவார்கள், அதுவும் முடியாவிட்டால் மலையைக் குடைவார்கள். நூறாண்டு கழித்து யாரோ ஒரு மலேசியப் பையன் வாடகை சைக்கிளில் வந்து மூச்சு வாங்காமல் ஏறப் போகிறான் என்பதற்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. நிலக்கரிக்காகச் செய்தார்கள்.

பாதையின் பெயர் கிரேட் அலெகெனி பாசேஜ். மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லாண்டில் தொடங்கி பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் முடிகிறது. கம்பர்லாண்டிலிருந்து முதல் 38 கிலோமீட்டரும் ஏற்றம். 2392 அடி உயரத்தில் கிழக்கு நீர்ப்பிரிப்பு முகடு வருகிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை அட்லாண்டிக் கடலுக்கும், அந்தப் பக்கம் விழுவது மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகும். மொத்த ஏற்றம் சுமார் 535 மீட்டர், பெட்ரோனாஸ் கோபுரத்தைவிட அதிகம். ஆனால் 38 கிலோமீட்டரில் அதைப் பரப்பிவிட்டால் நூறடிக்கு ஒன்றரை அடிகூட வராது. மூன்று மணி நேரம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து மெல்ல இழுப்பதுபோல இருந்தது. அவ்வளவுதான்.

முகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிக் சாவேஜ் சுரங்கம். நீளம் 3294 அடி, ஒரு கிலோமீட்டருக்கு மேல். உள்ளே விளக்கு இருக்கிறது. ஆனாலும் நடுவில் போகும்போது முன்னாலும் பின்னாலும் இரண்டு வெள்ளைப் பொட்டுகள்தான் வெளியுலகம். குளிர்காலத்தில் இதன் இரு வாயிலையும் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். திருடனுக்குப் பயந்து அல்ல, பனிக்கட்டிக்குப் பயந்து. சுவரில் கசியும் நீர் உறைந்தால் விரியும், உருகினால் சுருங்கும். இப்படி ஒவ்வொரு குளிர்காலமும் சிமெண்ட்டைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும். நம் ஊர் கட்டடங்களில் வேர் செய்யும் வேலையை அங்கே தண்ணீர் செய்கிறது. பழுது பார்த்து 2006இல்தான் சைக்கிளுக்குத் திறந்தார்கள்.

இந்தப் பகுதியைப் போட்டது வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே. 1912இல் கம்பர்லாண்டிலிருந்து கொனல்ஸ்வில் வரைக்கும் திறந்தது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் பால்டிமோர் அண்ட் ஓஹையோ கம்பெனியின் பாதை 1871 முதலே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பள்ளத்தாக்குக்கு இரண்டு கம்பெனி, இரண்டு தண்டவாளம். நிலக்கரி இருந்தவரை இருவருக்கும் பிழைப்பு இருந்தது. 1970களில் இரண்டு கம்பெனிகளும் ஒரே குடையின் கீழ் வந்ததும், கணக்குப்பிள்ளை யாரோ ஒருவர் கேட்டிருப்பார், எதற்கு இரண்டு? 1975இல் புதிய பாதையைக் கைவிட்டார்கள், பழையது தப்பித்தது. இன்றும் அக்கரையில் சரக்கு ரயில் ஓடுகிறது. சரளையில் நாம் மிதித்துக்கொண்டிருக்கும்போது மரங்களுக்கு நடுவே அது கூவிக்கொண்டு போவது கேட்கும்.

கைவிட்ட பாதை தானாகச் சைக்கிள் பாதை ஆகிவிடாது. இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். தண்டவாளத்தைப் பெயர்த்து விற்ற பிறகு மிஞ்சுவது 30 மீட்டர்கூட அகலமில்லாத ஒரு நீளத் துண்டு நிலம். அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பக்கத்து நிலக்காரர்களிடம் விட்டுவிட்டால் முடிந்தது கதை. ஓர் இடத்தில் வேலி போட்டால் போதும், முன்னும் பின்னும் உள்ள நூறு மைலும் வீண். நீளம்தான் அதன் மதிப்பு. மேற்குப் பென்சில்வேனியாவின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, கொனல்ஸ்வில் பக்கத்துப் பகுதியை அந்த 1970களிலேயே வாங்கி, பின்பு மாநில அரசிடம் ஒப்படைத்தது. 1986இல் ஓஹையோபைல் என்ற சிற்றூரில் முதல் 9 மைல் திறந்தது. பிட்ஸ்பர்க் நகரத்து முனையைத் தொட்டது 2013இல். ஒன்பது மைலிலிருந்து நூற்றைம்பது மைலுக்கு 27 வருஷம்! ரயில் கம்பெனி இரண்டே வருஷத்தில் மலையைக் குடைந்து போட்டதை, மனிதர்கள் மனு எழுதி, நிதி திரட்டி, வார இறுதியில் மண்வெட்டி எடுத்து மீட்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நாடு முழுக்க இதற்கு ஒரு சட்டமும் வந்தது. 1983இல் அமெரிக்க நாடாளுமன்றம், கைவிடப்படும் ரயில் பாதைகளை எதிர்கால ரயிலுக்காகச் சேமித்து வைக்கலாம், அதுவரை நடைபாதையாகப் பயன்படுத்தலாம் என்றது. ரயில் வங்கி என்று சொல்லலாம். கெட்டிக்காரத் தந்திரம்தான். பாதை சாகவில்லை, தூங்குகிறது என்று சொல்லிவிட்டால் நிலம் பழைய சொந்தக்காரருக்குத் திரும்ப வேண்டியதில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் நிலக்காரர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1990இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, நிலக்காரர்கள் இழப்பீடு கேட்கலாம் என்றும் சொன்னது. சைக்கிள்காரனாக எனக்குச் சட்டம் பிடித்திருக்கிறது. தாத்தாவின் நிலத்தில் கம்பெனிக்கு வழி மட்டும் விட்டுக்கொடுத்த ஒருவனாக இருந்தால் பிடித்திருக்குமா தெரியவில்லை.

அடுத்த வாரம் கொனல்ஸ்வில்லில் தொடங்கி ஆற்றோடு கீழே போனேன். யாக்கியகேனி ஆறு. உள்ளூர்க்காரர்கள் சுருக்கி யாக் என்கிறார்கள். இரு பக்கமும் செங்குத்தான காடு, ஓக், மேப்பிள். பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பிய பாதை. அதன் தூள் மழையில் நனைந்து இறுகி, ஏறக்குறைய மட்டமான சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். டயருக்கு அடியில் சர்க்கரையை மிதிக்கும் சத்தம். மனித நடமாட்டமே இல்லாத ஆதிக்காடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. மரங்களுக்குள் அரைவட்டமாகச் செங்கல் குகைகள் தெரிந்தன. நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கிய சூளைகள். பிட்ஸ்பர்க்கின் இரும்பாலைகளுக்குத் தீனி போட்டது கொனல்ஸ்வில் கோக்தான். ஹென்றி கிளே ஃபிரிக் கோடீஸ்வரர் ஆனது இந்தக் கரியில். இன்னும் கீழே போனால் பாறையிலிருந்து செந்நிறத்தில் வழியும் ஓர் அருவி. எல்லாரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். மூடிய சுரங்கத்துக்குள்ளிருந்து வரும் தண்ணீர் அது. உள்ளே கரியோடு இருக்கும் இரும்புக் கந்தகக் கல் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, துருவைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தக் காட்டின் வயது நான் நினைத்ததைவிட மிகக் குறைவு. ஒரு காலத்தில் அங்கே மரத்தைவிடப் புகைபோக்கி அதிகம்.

வான் மீட்டர் என்ற இடத்தைப் பாதை கடக்கிறது. சில வீடுகள், ஆறு, காடு. 1907 டிசம்பர் 19 அன்று இங்கே டார் சுரங்கம் வெடித்தது. 239 பேர் இறந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. பெரும்பாலோர் ஹங்கேரி முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே மாதம் 6ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்காவில் 362 பேர் இறந்திருந்தார்கள். டார் சுரங்கத்தில் இன்னும் அதிகம் பேர் இறந்திருக்க வேண்டியது. பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் தொழிலாளர்களுக்கு அன்றுதான் புனித நிக்கோலஸ் திருநாள். நூற்றுக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். திருவிழாவுக்கு மட்டம் போட்டவன் பிழைத்தான். தைப்பூசத்துக்கு லீவு கேட்டு மேனேஜரிடம் நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரிய விளக்கம் தேவையில்லை.

முந்தைய நாள் அடைத்து வைத்திருந்த பகுதிக்குள் திறந்த விளக்கோடு தொழிலாளர்கள் போனதுதான் காரணம் என்று விசாரணை முடிந்தது. கம்பெனி மீது பொறுப்பு வரவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1910இல், சுரங்கப் பாதுகாப்பை ஆராய அமெரிக்க அரசு தனித் துறை அமைத்தது.

பாதையை விட்டு விலகி மேட்டில் ஏறினால் ஆலிவ் பிராஞ்ச் கல்லறை. அந்த ஏற்றம் ரயில் ஏற்றமல்ல, இறங்கித் தள்ளித்தான் போனேன். 71 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் 49 பேருக்குப் பெயர் தெரியாது.

அங்கே நிற்கும்போது எனக்குக் குவாய் நொய் ஞாபகம் வந்தது. அதுவும் காடடர்ந்த ஒரு மலைப் பள்ளத்தாக்கு, ஆற்றோடு வளைந்து போன ஒரு ரயில் பாதை. சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர், 1942, 1943. ஹெல்ஃபயர் கணவாயில் இன்று ரயில் ஓடுவதில்லை, ஜல்லி கிடக்கிறது. நடந்து போகலாம், வண்டி வராது, மூங்கில் நிழல் நன்றாக இருக்கும். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7000 நேச நாட்டுக் கைதிகள் வரிசையாகக் கிடக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் அவர்களைவிடப் பல மடங்கு செத்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கல் கிடையாது. டாரில் 71 பேரில் 22 பேருக்காவது பெயர் மிஞ்சியிருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோல செபத்தாங் போனேன். பழைய பெயர் போர்ட் வெல்ட். நம் நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்தது. எட்டு மைல் பாதை. தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. ஸ்டேஷனும் போய்விட்டது. பெயர்ப் பலகை மட்டும் கடைக்கு முன்னால் நிற்கிறது, நான்கு எழுத்துகளில், அதில் ஒன்று தமிழ். பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பலகையைச் சத்தமாக ஒருமுறை வாசித்தார். என் தாத்தா ரயில்வே கேங்கில் சிலீப்பர் கட்டை மாற்றியவர். எந்த ஊர் லைன் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. "கோலாலிப்பிஸ் பக்கம்னு நெனைக்கிறேன். பெரிய மாமாவைக் கேக்கணும்" என்றார். பெரிய மாமாவுக்கு இப்போது எண்பத்து நான்கு. காது சரியாகக் கேட்காது. அடுத்த வாரம் நேரிலேயே போவதாக இருக்கிறேன், கையில் ஒரு மேப் எடுத்துக்கொண்டு.