பூட்டு, சேலை, பழம்: எங்கள் வீட்டுக்குத் திண்டுக்கல் தந்த மூன்று

குழந்தை பிறந்த வீட்டுக்கு என்னென்ன வாங்கணும்னு தேடினால் இணையம் பட்டியல் பட்டியலாகக் கொட்டும். ரிமோட்டில் ஆடும் தொட்டில், அலமாரிக்கு பிளாஸ்டிக் கொக்கி, டப்பாவில் அடைத்த பழக்கூழ் இப்படி. இரண்டு பிள்ளைகளை வளர்த்த பிறகு என்னுடைய பட்டியல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. அதில் முதல் மூன்று இடங்களில் இருப்பவை: ஒரு லீவர் பூட்டு, ஒரு சுங்குடிச் சேலை, ஒரு சீப்பு மலைவாழை. மூன்றும் திண்டுக்கல் மாவட்டத்து மண்ணோடு சம்பந்தப்பட்டவை. மூன்றும் புவிசார் குறியீடு வாங்கியவை. மதுரை சுங்குடிக்கு 2005-ல் கிடைத்தது. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்கு 2008-ல். திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில்.

குறியீடு கிடைத்தால் நாளிதழில் "பெருமை" என்று தலைப்புப் போடுவார்கள். ஆனால் இந்த மூன்றின் கதையையும் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. சான்றிதழ் வந்து சேர்ந்தபோது மூன்றுமே ஏற்கெனவே இளைத்துப் போயிருந்தன. ஏன் இளைத்தன, அதில் நம்ம வீடுகளுக்கு என்ன பங்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

பூட்டு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். லீவர் பூட்டு என்ற யோசனை திண்டுக்கல்லில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் 1778-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் ஒரு திருட்டு நடந்தது. கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு செய்பவருக்குப் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்காக ஜெரமையா சப் 1818-ல் செய்த பூட்டில் ஒரு தந்திரம் இருந்தது. யாராவது உள்ளே நோண்டி ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் அடுத்த முறை சாவி போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நம்ம பாஷையில் சொன்னால், பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அக்கவுண்ட் லாக் ஆகும் ஏற்பாடு. 200 வருஷத்துக்கு முன்பே அதை இரும்பில் செய்துவிட்டார்கள்! 1851-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அந்தப் பூட்டையும் அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார் என்பது தனிக்கதை.

லீவர் பூட்டின் உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கும். எல்லா வெட்டுகளும் ஒரே நேரத்தில் நேர்கோட்டுக்கு வந்தால்தான் தாழ் நகரும். ஆறு லீவர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயரம் என்று வைத்துக்கொண்டாலே 15,625 விதமான சாவிகள் சாத்தியம். இது இயந்திரக் கணக்கு. திண்டுக்கல் பட்டறையில் சாவியின் பல்லையும் லீவரையும் ஒரு ஆள் உட்கார்ந்து அரம் வைத்து அராவிச் சேர்க்கிறார். கை அராவும் உயரம் ஐந்து படியில் நிற்காது. ஒரு சாவி இன்னொரு பூட்டுக்குச் சேராது என்ற பேர் அதனால்தான் வந்தது.

திண்டுக்கல் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஒரு பக்கம் பழனி மலை, இன்னொரு பக்கம் சிறுமலை. விவசாயத்தை மட்டும் நம்பி எல்லாரும் பிழைக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடையாது. சுருட்டு, தோல் பதனிடுதல், பூட்டு, இரும்புப் பெட்டி என்று ஊர் கைத்தொழிலுக்குத் திரும்பியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பூட்டு இங்கே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொழில். மாங்காய் வடிவப் பூட்டு, சாவி திருப்பினால் மணி அடிக்கும் பூட்டு, எங்கே எப்படித் திறப்பது என்று தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் தந்திரப் பூட்டு என்று பல வகை. 1957-ல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பிற்காலத்தில் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பம் போட்டதும் அதே சங்கம்தான்.

இந்தத் தொழிலை அலிகார் கொன்றுவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். இயந்திரத்தில் அடித்த விலை குறைந்த பூட்டு வடக்கிலிருந்து வந்து குவிந்தது உண்மை. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி நம்ம கதவில் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் தலைவாசல், நெல் குதிர் இருக்கும் அறை, டிரங்குப் பெட்டி, பரண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு தொங்கியது. சாவிக்கொத்து வீட்டுப் பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது. அது மாமியாரிடமிருந்து மருமகள் கைக்கு வருவது ஒரு ஆட்சி மாற்றம். பிறகு ஸ்டீல் பீரோ வந்தது. அதற்குப் பூட்டு உள்ளேயே இருந்தது. அடுக்குமாடி வந்தது, கதவோடு பதித்த பூட்டு வந்தது. லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை வாங்கிய தட்டைச் சாவி சட்டைப் பைக்குள் அடங்கியது. தொங்கும் பூட்டுக்கு வீட்டில் தொங்க இடமே இல்லாமல் போனது.

சரி, எங்கள் வீட்டில் அது எங்கே தொங்குகிறது? மருந்து அலமாரியில். வாசல் கதவுக்கு எண் அழுத்தும் பூட்டு. அந்த நான்கு இலக்கத்தை மகள் மூன்றரை வயதில் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். பிளாஸ்டிக் கொக்கியை ஒரு வாரத்தில் பிரித்துவிட்டாள். கனமான சாவியைத் துவாரத்தில் விட்டு, அழுத்திச் சுற்றித் திறக்கும் பூட்டு மட்டும் நிலைத்தது. சாவி உயரத்தில் ஆணியில் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் ரிவெட்டைத் தட்டிப் பிரித்துச் சரிசெய்ய இன்னும் ஆள் இருக்கிறது.

சேலை

பூட்டை விட்டு மதுரை ரோட்டில் தெற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர் போனால் சின்னாளப்பட்டி. நெசவும் சாயமும் ஊர். ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்குப் பட்டு வாங்க முடியாத குடும்பங்களுக்குச் செயற்கைப் பட்டில் "சின்னாளப்பட்டு" கொடுத்த ஊர் இதுதான். இன்றைக்குக் கடைகளில் சுங்குடி என்று வாங்குவதில் கணிசமான பங்கு இங்கே சாயமேறி வருகிறது.

சுங்குடி சௌராஷ்டிர சமூகத்தின் கலை. குஜராத் பக்கமிருந்து பல இடங்களில் தங்கித் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்டவர்கள் அவர்கள். துணியை விரல் நுனியால் கிள்ளி, நூல் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. இந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலைகளுக்கு நடுவில்.

ஒரு சேலைக்கு இத்தனை நாள் உழைப்பு என்றால் கூலி எப்படிக் கட்டும்? அதனால் மெழுகு வந்தது. அச்சில் மெழுகு தொட்டு ஒற்றிச் சாயம் போட்டு, சுடுநீரில் மெழுகைக் கழற்றுவது. அதன் பிறகு ஸ்கிரீன் பிரிண்ட் வந்தது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். கைமுடிச்சுப் புள்ளி ஒன்றைப் போல ஒன்று இருக்காது. துணி லேசாகச் சுருங்கி நிற்கும். மெழுகில் புள்ளிகள் ஒரே அளவு, ஆனால் பின்பக்கமும் தெரியும். ஸ்கிரீனில் முன்பக்கம் பளிச், பின்பக்கம் மங்கல்.

எங்கள் வீட்டில் இருந்தது மெழுகுச் சுங்குடிதான். அம்மா பல வருஷம் கட்டித் துவைத்து மிருதுவான பருத்தி. இரண்டு பிள்ளைகளுக்கும் அதில்தான் தூளி. புதுச்சேலையில் தூளி கட்டமாட்டார்கள்; கஞ்சி போய், நூல் இளகி, வியர்வையை உறிஞ்சும் பக்குவத்துக்கு வரணும். அந்தப் பக்குவம் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ரிமோட் தொட்டிலுக்கும் தூளிக்கும் உள்ள பெரிய வித்தியாசம், தூளிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. பாட்டி இருக்கும் வீட்டில் அது நிறை. பகலெல்லாம் ஆள் இல்லாத வீட்டில் குறை. சேலையே கட்டாத வீட்டில் பத்து வருஷம் கழித்துப் பழைய பருத்திச் சேலை எங்கிருந்து வரும்?

பழம்

மூன்றாவது, மலையிலிருந்து இறங்கி வருவது. விருப்பாச்சி வாழை பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும், சிறுமலை வாழை அந்த மலையிலும் விளைபவை. நீர்ச்சத்து குறைவு, மணம் அதிகம், தோல் கறுத்தாலும் உள்ளே கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேரும் பழம் விருப்பாச்சி. பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. நீர்ச்சத்து கம்மியான பழம் அதற்கு ஏன் வேண்டும் என்பது இதிலேயே புரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் ஊட்டிய பழம் இதுதான். கரண்டியால் மசித்தால் போதும்.

இந்தப் பழத்தை இளைக்க வைத்தது சந்தை இல்லை, வைரஸ். 1970-களில் முடிக்கொத்து நோய் இந்த மலைகளில் பரவித் தோட்டம் தோட்டமாக அழித்தது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. இன்னொரு வழி, நாமே. வாழைக்கு விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்துத்தான் நடணும். நோய் பிடித்த தாய்மரத்துக் கன்றை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் நோயும் சேர்ந்து போகும். தலைமுறை தலைமுறையாகக் கன்று பகிர்ந்த நல்ல பழக்கமே நோய்க்கு வண்டியானது. பிறகு வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் நோயில்லாத கன்றுகளை உருவாக்கிக் கொடுத்தது. அதனால்தான் இன்றும் பழம் சந்தைக்கு வருகிறது. பழைய அளவுக்கு இல்லை.

சான்றிதழ் எதைக் காக்கும்?

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு பத்து வருஷத்துக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இதில் உண்டு. குறியீடு ஒரு சங்கத்தின் அல்லது அமைப்பின் பெயரில் பதிவாகும். பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று தனியாகப் பதிவு செய்துகொண்டால்தான் சட்டப்படி அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட முடியும். குடிசைத் தொழில் செய்பவருக்கு அந்தப் படிவமும் அலைச்சலும் எவ்வளவு தூரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சரி, பதிவும் செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் அப்போதும் பெயரைத்தான் காக்கும். வேறு ஊர்ப் பூட்டில் "திண்டுக்கல்" என்று பொறித்தால் வழக்குப் போடலாம். வீட்டில் பூட்டுத் தொங்க இடமில்லாமல் போனதற்கு யார் மேல் வழக்குப் போடுவது? தூளி கட்டும் பழக்கம் போனதற்கு? வரலாற்றில் இந்த மூன்று பொருட்களும் வாழ்ந்தது பெயரால் இல்லை, வீட்டு உபயோகத்தால். விருது, கண்காட்சி, நினைவுப் பரிசு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் போன கைவினை எதுவும் ஒரு தெருவுக்கே சோறு போட்டதாக நான் பார்த்ததில்லை. தினமும் தேய்ந்து, பழுதாகி, மறுபடி வாங்கப்படும் பொருள்தான் பட்டறையை நடத்தும்.

அதனால் "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று நான் எதையும் வாங்கச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் அதற்கு உண்மையான வேலை இருந்தால் வாங்குங்கள். திண்டுக்கல் பக்கம் போனால் பூட்டு வாங்கும்போது எத்தனை லீவர், பழுதானால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். சேலை வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கைமுடிச்சு என்றால் விலை ஏன் அதிகம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும், பேரம் பேசாதீர்கள். பழக்கடையில் தோல் கறுத்த மலைவாழையை ஒதுக்காதீர்கள். பிள்ளைக்கு மசித்துக் கொடுக்க அதுதான் பக்குவம்.