மூளைக்காயப் புரதக் குறிப்பான்கள்

தலையில் அடிபடும்போது சிதையும் மூளை உயிரணுக்களிலிருந்து வெளியேறி இரத்தத்தில் கலக்கும் சில புரதங்கள், அளந்தறியத்தக்கவையாகவும் காயத்தின் இருப்பை உணர்த்துபவையாகவும் இருப்பதால், மூளைக்காயப் புரதக் குறிப்பான்கள் எனப்படுகின்றன. கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகியவற்றுக்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் (1974) 13 அல்லது அதற்கு மேல் பெறுவோரின் காயம் லேசானதாகக் கருதப்பட்டாலும், அவர்களுள் சிலருக்கு மண்டையோட்டினுள் இரத்தக்கசிவு இருக்கக்கூடும் என்பதால் பலரும் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களுள் எவருக்கு ஸ்கேன் தேவையில்லை என்று சொல்வதே இக்குறிப்பான்களின் முதற்பணியாக அமைந்துள்ளது.

1965இல் கண்டறியப்பட்ட எஸ்100 புரதத் தொகுதி, முழுச் செறிவுள்ள அம்மோனியம் சல்பேட் கரைசலிலும் கரைந்தே நிற்பதால் அப்பெயர் பெற்றது. அதைச் சேர்ந்த எஸ்100பி, அடிபட்ட 6 மணி நேரத்திற்குள் லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால், லேசான காயமும் குறைந்த அபாயமும் உள்ள பெரியவர்களுக்கு ஸ்கேனைத் தவிர்க்கலாம் என 2013இல் ஸ்காண்டிநேவிய வழிகாட்டு நெறிகள் பரிந்துரைத்தன. எனினும் கொழுப்புத் திசுவிலும் தோலின் நிறமி உயிரணுக்களிலும் இப்புரதம் இருப்பதாலும், எலும்பு முறிந்தாலும் உயர்வதாலும், அது மூளைக்கே உரிய சான்றாக நிற்பதில்லை.

அக்குறையை ஈடுசெய்ய முன்வந்தவை இரண்டு புரதங்கள். நரம்பணுக்களைத் தாங்கிப் பேணும் விண்மீன் வடிவ உயிரணுக்களான ஆஸ்ட்ரோசைட்டுகளின் இழைப்புரதம் ஜி.எஃப்.ஏ.பி. எனவும், நரம்பணுக்களினுள் கழிவுப் புரதங்களை அகற்றும் பணியில் பங்குகொள்ளும் நொதி யூ.சி.எச்.-எல்1 எனவும் சுருக்கமாக வழங்கப்படுகின்றன. பின்னது ஏறத்தாழ 8 மணி நேரத்தில் உச்சத்தை எட்டி விரைவில் தணிய, முன்னது 20 மணி நேரமளவில் உச்சமடைந்து பல நாட்கள் நீடிப்பதால், குருதி எடுத்த நேரத்தை அறியாமல் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்வது பிழைக்கு இடமளிக்கும்.

இவ்விரண்டையும் சேர்த்தளக்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 பிப்ரவரியில் அனுமதி வழங்கியது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 1,959 பேருள் 125 பேருக்கே சி.டி. படத்தில் காயம் தென்பட்டது. சோதனை ‘இல்லை’ எனக் காட்டிய 671 பேருள் காயம் தவறவிடப்பட்டவர் மூவர் மட்டுமே. ஆனால் ‘உண்டு’ எனக் காட்டிய 1,288 பேருள் படத்தில் காயம் இருந்தவர் 122 பேர்தான். ஆகவே இச்சோதனையின் மறுப்பே நம்பத்தக்கது; அதன் ஆமோதிப்பு, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் சொல்வதில்லை. ஆய்வகத்திற்கு அனுப்பாமல் நோயாளியின் அருகிலேயே, முழு இரத்தத்தைக் கொண்டு ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிவு தரும் கருவிக்கு 2024இல் அனுமதி கிடைத்தது.

சி.டி. படம் இயல்பாக இருந்தும் ஜி.எஃப்.ஏ.பி. உயர்ந்திருந்த சிலரிடம் எம்.ஆர்.ஐ. காயத்தைக் காட்டியிருப்பது, ‘உண்டு’ என்ற முடிவுகள் அனைத்தும் வெறும் பொய்யெச்சரிக்கைகள் அல்ல என்பதை உணர்த்துகிறது. தலைவலியும் மறதியும் நீடித்தும் ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்கு இது பெரிதும் முக்கியமானது. லேசான, மிதமான, கடுமையான என்ற மூவகைப் பாகுபாட்டை விட்டு, மருத்துவ நிலை, உயிர்க்குறிப்பான், படிமம், நோயாளியின் பின்னணி ஆகிய நான்கையும் சேர்த்துக் காயத்தை விவரிக்கும் முறையொன்றைப் பன்னாட்டு வல்லுநர் குழு 2025இல் முன்வைத்துள்ளது.